ஊசி நாளும் இரத்தம் எடுத்த நாளும்: டெஸ்டோஸ்டெரோன் அளவைச் சரிசெய்தல்

"எனக்கு 250 போடுறாங்க, உனக்கு எவ்வளவு?" திருநம்பிகள் (பிறப்பில் பெண் என்று பதியப்பட்டு ஆணாக வாழ்பவர்கள்) இருவர் சந்தித்தால் பேச்சு பெரும்பாலும் இந்தக் கேள்விக்கு வந்துவிடும். எண்ணை மட்டும் பதிலாகச் சொன்னால் அதிலிருந்து ஒன்றுமே தெரியாது. 250 மில்லிகிராம் டெஸ்டோஸ்டெரோன் ஊசியை இரண்டு கிழமைக்கு ஒருக்கால் போடுபவருக்குக் கிழமைக்குச் சராசரி 125 மி.கி. போகிறது. மூன்று கிழமைக்கு ஒருக்கால் என்றால் 83 மி.கி. நான்கு கிழமைக்கு ஒருக்கால் என்றால் 62.5 மி.கி. மூவருமே "250" என்றுதான் சொல்வார்கள். ஆனால் முதலாமவருக்குப் போவது மூன்றாமவருக்குப் போவதில் இரு மடங்கு.

ஆகவே அளவு என்பது இரண்டு எண்கள் சேர்ந்தது: எத்தனை மி.கி., எத்தனை நாளுக்கு ஒருக்கால். அது சரியா என்று பார்க்க மூன்றாவது ஓர் எண்ணும் வேண்டும்: ஊசி போட்டு எத்தனையாவது நாள் இரத்தம் எடுத்தார்கள். இவற்றில் ஒன்று தெரியாவிட்டாலும் கூட்டுவதா குறைப்பதா என்று எந்த வைத்தியராலும் சரியாக முடிவெடுக்க முடியாது. மட்டக்களப்பில் ஒரு கிளினிக்கில் தொடங்கி, டொக்டர் மாற்றலாகிப் போனபின் புதியவரிடம் தொடர்ந்து, ஊசியை மட்டும் களுவாஞ்சிக்குடியிலோ கல்முனையிலோ வீட்டுக்குக் கிட்டப் போட்டுக்கொள்பவருக்கு இந்த மூன்று எண்களும் மூன்று இடத்தில் கிடக்கும். எனவே முதல் வேலை உங்களுடையது. கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு வரி எழுதுங்கள்: மருந்தின் பெயர், ஒரு மி.லீ.யில் எத்தனை மி.கி., எத்தனை மி.லீ. போட்டார்கள், திகதி. இரத்தம் எடுத்த நாளையும் அதே வரிசையில் எழுதுங்கள். சான்றிதழுக்காக மனநல வைத்தியரைப் பார்ப்பது வேறு, அளவுக்காக ஹோர்மோன் தெரிந்த வைத்தியரைப் பார்ப்பது வேறு. 2016 இலிருந்து பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் கிடைக்கிறது என்பதால் முதல் வேலையோடு பலர் நின்றுவிடுகிறார்கள். உடலைக் காப்பது இரண்டாவது வேலைதான்.

250 ஏன் இவ்வளவு புழக்கத்தில் இருக்கிறது

அம்பியூல் அப்படித்தான் வருகிறது. எனந்தேற் என்ற டெஸ்டோஸ்டெரோன் வகையும் சரி, நான்கு எஸ்டர்கள் (மருந்தை மெல்ல வெளிவிடும் வடிவங்கள்) கலந்த சஸ்ரனோன் 250 உம் சரி, ஒரு மி.லீ. கண்ணாடிக் குப்பிக்குள் 250 மி.கி. கழுத்தை உடைத்துவிட்டால் மிச்சத்தை வைக்க முடியாது. அதனால் முழுவதையும் போட்டுவிட்டு, இடைவெளியை நீட்டிக் கணக்கைச் சமன் செய்கிறார்கள்.

ஹோர்மோன் வைத்தியர்களின் அமைப்பான என்டோகிரைன் சொசைட்டியின் 2017 வழிகாட்டி எனந்தேற், அதைப் போன்ற சிப்பியோனேற் இரண்டுக்கும் சொல்வது கிழமைக்கு 50 முதல் 100 மி.கி., அல்லது இரண்டு கிழமைக்கு 100 முதல் 200 மி.கி. திருநர் சுகாதாரத்துக்கான உலக அமைப்பான டபிள்யூ.பி.ஏ.டி.எச். 2022 இல் வெளியிட்ட வழிகாட்டியின் எட்டாம் பதிப்பும் இதே எல்லைக்குள்தான் நிற்கிறது. இதோடு ஒப்பிட்டால் இரண்டு கிழமைக்கு 250 என்பது மேல் எல்லையைத் தாண்டியது. நான்கு கிழமைக்கு 250 என்பது சராசரிக் கணக்கில் சரியாக இருந்தாலும் இடைவெளி மிக நீளம்.

இடைவெளி நீண்டால் என்ன ஆகும்? எண்ணெயில் கரைந்த மருந்து தசைக்குள் தங்கி அங்கிருந்து மெல்ல இரத்தத்துக்கு வருகிறது. எனந்தேற்றும் சிப்பியோனேற்றும் முதல் ஒன்று முதல் மூன்று நாளுக்குள் உச்சிக்குப் போகும். பிறகு இறங்கத் தொடங்கும். பாதியாகக் குறைய ஏறத்தாழ 4 முதல் 8 நாள். இரண்டு கிழமை முடியும்போது அடிமட்டத்துக்குக் கிட்ட வந்துவிடும். மூன்றாம், நான்காம் கிழமைகளில் உடலில் போதுமான டெஸ்டோஸ்டெரோன் இருக்காது. சஸ்ரனோனில் நீண்ட எஸ்டர் ஒன்றும் இருப்பதால் வால் கொஞ்சம் நீளும். ஆனாலும் முதல் நாட்களின் ஏற்றம் பெரிதுதான்.

இதை உடலிலேயே உணரலாம். ஊசி போட்ட முதல் சில நாள் வியர்வை, முகத்தில் எண்ணெய், சட்டென்று வரும் கோபம், தூக்கக் குறைவு. கடைசி நாட்களில் சோர்வு, மனம் விழுதல், சிலருக்கு இரத்தக் கசிவு. கடைசி நாட்களின் சோர்வை வைத்து "மருந்து போதவில்லை" என்று முடிவெடுத்து அளவைக் கூட்டக் கேட்பதுதான் நான் காணும் தவறுகளில் மிகச் சாதாரணமானது. அளவை இரட்டித்தால் உச்சியும் இரட்டிக்கும். ஆனால் அடிமட்டம் வரும் நாள் ஒரே ஒரு பாதியாகும் காலம், அதாவது 4 முதல் 8 நாள்தான் தள்ளிப்போகும். ஒரு போகத்துக்கு வேண்டிய தண்ணீரை ஒரே நாளில் திறந்துவிட்டால் வயல் முதலில் மூழ்கும், பிறகு வெடிக்கும். அதே தண்ணீரை முறை வைத்து விட்டால் பயிர் நிற்கும். இங்கும் செய்ய வேண்டியது அதுதான். நான்கு கிழமைக்கு 250 ஐ இரண்டு கிழமைக்கு 125 ஆக்கலாம். அல்லது கிழமைக்கு 62.5 ஆக்கலாம். மொத்தம் மாறவில்லை, உச்சி இறங்கி அடி உயர்கிறது.

இதற்கு ஒரு விலை இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. நான்கு கிழமைக்கு ஒருக்கால் என்றால் வருடத்துக்கு 13 அம்பியூல், மூன்று கிழமை என்றால் 17 அல்லது 18, இரண்டு கிழமை என்றால் 26. பாதி மருந்தை எறிந்துவிட்டு இவ்வளவு செலவழிக்க எல்லோராலும் முடியாது. முடியாதவர்களுக்கு என் தெரிவு மூன்று கிழமைக்கு 200 முதல் 250. அதைவிட நீட்ட வேண்டாம். காசை மிச்சம் பிடிப்பதற்காக மிச்ச எண்ணெயை சிரிஞ்சில் இழுத்துவைத்து இரண்டு கிழமை கழித்துப் போடாதீர்கள். ஒரு தடவைக்கென்று செய்த அம்பியூல் அது. உடைத்தபின் கிருமி போனால் தொடைக்குள் சீழ்க்கட்டியாக வந்து நிற்கும். பல தடவை எடுக்கும்படி றப்பர் மூடியோடு வரும் குப்பி கிடைத்தால் நிலைமை வேறு. அதில் சிறு சிறு அளவாக எடுக்கலாம், திறந்த திகதியை மேலே எழுதி, உறையில் சொன்ன நாட்களுக்குள் முடித்துவிட வேண்டும்.

ஜிம் பக்கமாகக் கைமாறி வரும் குப்பிகளைப் பற்றி ஒரு வரி. அதில் எழுதியிருக்கும் மி.கி. உள்ளே இருக்கிறதா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. உள்ளே போவது எவ்வளவு என்றே தெரியாதபோது இரத்த அளவை வைத்து எதைச் சரிசெய்வது?

எந்த நாளில் இரத்தம் கொடுப்பது

ஊசியில் இருப்பவருக்கு நடு நாள்தான் வழமை. கிழமைக்கு ஒருக்கால் போடுபவர் மூன்றாம் அல்லது நான்காம் நாள். இரண்டு கிழமைக்கு ஒருக்கால் என்றால் ஏழாம் நாள். மூன்று கிழமை என்றால் பத்தாம் அல்லது பதினோராம் நாள். அந்த நாளில் அளவு 400 முதல் 700 நனோகிராம்/டெசிலீட்டர் வரைக்குள் இருக்க வேண்டும் என்பது 2017 வழிகாட்டியின் குறி.

நாட்களை முன்கூட்டியே பொருத்திக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை ஊசி போட்டால் திங்கள் அல்லது செவ்வாய் இரத்தம் கொடுக்கலாம். செவ்வாய் ஊசி போட்டால் நடு நாள் வெள்ளியோ சனியோ வந்து விழும். இரண்டு கிழமை முறையில் ஊசி நாளும் இரத்த நாளும் ஒரே கிழமை நாளாக வரும், அதனால் வேலை சுலபம். போயா விடுமுறையையும் கலண்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் பிந்தினால் பிழையில்லை, பிந்தியதை எழுதினால் போதும்.

கோபம், வியர்வை, பி.சி.வி. (இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏற்றம் என்று உச்சிப் பக்கத்துப் பிரச்சினை இருந்தால் ஊசி போட்டு 24 முதல் 48 மணி நேரத்துக்குள் ஒரு தடவை பாருங்கள். கடைசி நாட்களில் சோர்வும் கசிவும் என்றால் அடுத்த ஊசி நாளன்று காலை, ஊசிக்கு முன் பாருங்கள். மூன்றையும் ஒரே சுற்றில் பார்க்கத் தேவையில்லை. உடல் எந்தப் பக்கம் முறைப்பாடு சொல்கிறதோ அந்தப் பக்கத்தைப் பாருங்கள்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எண்ணுக்கு முன் அலகைப் பாருங்கள். ஒரு லாப் நனோகிராம்/டெசிலீட்டரில் தரும், இன்னொன்று நனோகிராம்/மில்லிலீட்டரில், வேறொன்று நனோமோல்/லீட்டரில். 400 முதல் 700 என்பது இரண்டாவதில் 4 முதல் 7, மூன்றாவதில் ஏறத்தாழ 14 முதல் 24. நனோமோலை 28.8 ஆல் பெருக்கினால் நனோகிராம்/டெசிலீட்டர் வரும். 18 என்று ரிப்போர்ட்டில் கண்டு பதறி அளவைக் கூட்டக் கேட்பவருக்கு உண்மையில் 518 இருக்கிறது, அது நல்ல இடம். முடிந்தவரை ஒரே லாபிலேயே தொடருங்கள்.

சிட்டையில் பெண் என்று எழுதியிருந்தால் டெஸ்டோஸ்டெரோனுக்குப் பக்கத்தில் "அதிகம்" என்று தடித்த எழுத்தில் வரும். ஹீமோகுளோபினுக்கும் அப்படியே. லாப் கணினி பெண்களின் எல்லையோடு ஒப்பிட்டு அந்தக் குறியைப் போடுகிறது. மாதவிடாய் நின்று சில மாதங்கள் ஆனவருக்கு ஆண்களின் எல்லையைத்தான் பார்க்க வேண்டும். முடி கொட்டாமலிருக்க பயோட்டின் மாத்திரை எடுப்பவர்கள் இரத்தம் கொடுக்குமுன் இரண்டு மூன்று நாள் நிறுத்துங்கள். சில லாப் முறைகளில் பயோட்டின் டெஸ்டோஸ்டெரோனை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும்.

எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது

மருந்து உடலில் ஒரு நிலைக்கு வர ஆறு கிழமையாவது வேண்டும். அதற்கு முன் எடுத்த இரத்தத்தை நம்பி மாற்றினால் அசைந்துகொண்டிருக்கும் ஒன்றைத் துரத்துவதாகிவிடும். முதல் வருடத்தில் மூன்று மாதத்துக்கு ஒருக்காலும், பிறகு வருடத்துக்கு ஒன்று அல்லது இரண்டு தடவையும் பார்ப்பது வழமை. அளவை மாற்றினால் அந்த மாற்றத்துக்கென்று ஒரு தடவை, அதே நடு நாளில்.

உதாரணத்துக்குச் சில நிலைமைகள். கிழமைக்கு 50 மி.கி. போடுகிறார், மூன்று மாதம் ஆகியும் நடு நாள் 280, மாதவிடாயும் நிற்கவில்லை. இவருக்கு 62.5 அல்லது 75 ஆகக் கூட்டுவது நியாயம். ஒரு படி கூட்டிவிட்டு நிறுத்த வேண்டும், 100 க்கு ஒரே பாய்ச்சலாகப் போகத் தேவையில்லை. இன்னொருவர் இரண்டு கிழமைக்கு 125 போடுகிறார், நடு நாள் 900. உடலில் ஒன்றும் தெரியவில்லை என்றாலும் 100 க்கு இறக்கலாம், சிரிஞ்சில் அது 0.5 இலிருந்து 0.4 மி.லீ. மூன்றாவது ஆள் மூன்று கிழமைக்கு 250 போடுகிறார், நடு நாள் 520, ஊசி நாளன்று காலை 180, கடைசி ஐந்து நாள் எழும்பவே மனமில்லை. இங்கே நடு எண் நன்றாக இருக்கிறது. கூட்டினால் உச்சிதான் தெறிக்கும். இடைவெளியைக் குறுக்க வேண்டும்: இரண்டு கிழமைக்கு 160 மி.கி., அதாவது 0.65 மி.லீ.க்குச் சற்றுக் குறைவு. கிழமைச் சராசரி கிட்டத்தட்ட அப்படியே நிற்கும்.

கடைசியாக, எண்களெல்லாம் ஒழுங்கு, ஆனால் தாடி வரவில்லை. இவர் அளவைத் தொடவே கூடாது. மீசை தாடிக்குத் தொடக்கமே பலருக்கு 6 முதல் 12 மாதம், முழுமைக்கு 4 முதல் 5 வருடம் செல்லும். குரல் முதல் வருடத்துக்குள் இறங்கத் தொடங்கி ஒன்று இரண்டு வருடத்தில் நிலைக்கும். எல்லைக்குள் இருக்கும் அளவை மேலே தள்ளினால் தாடி விரைவாக வராது. அது அப்பா, அம்மா வழி வந்த மயிர்வேர்களின் விடயம். மிகையாகப் போகும் டெஸ்டோஸ்டெரோனில் ஒரு பங்கை உடல் ஈஸ்ட்ரோஜனாகவும் மாற்றிவிடும். முகப்பருவும் தடித்த இரத்தமும்தான் மிச்சம். தம்பிமார் இந்த ஒன்றை மட்டும் கேட்டால்கூட எனக்குப் போதும்.

ஊசி தவறிப்போனால் நினைவு வந்த நாளில் வழமையான அளவைப் போட்டு, அங்கிருந்து நாட்களை எண்ணுங்கள். இரண்டு ஊசியைச் சேர்த்துப் போட வேண்டாம்.

பி.சி.வி.: நமது வெயிலில் இதைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும்

டெஸ்டோஸ்டெரோன் சிவப்பணுக்களைக் கூட்டும். எஃப்.பி.சி. (முழு இரத்தக் கணக்கு) ரிப்போர்ட்டில் பி.சி.வி. என்ற வரியைப் பாருங்கள். ஹோர்மோன் தொடங்குமுன் ஒரு தடவை எடுத்துவைப்பது கட்டாயம், ஏனென்றால் பிறகு வரும் ஒவ்வொரு எண்ணையும் அதோடுதான் ஒப்பிட வேண்டும். 36 இலிருந்து 45 க்குப் போனவர் ஆண்களின் வழமைக்குள் வந்திருக்கிறார், பயப்பட ஒன்றுமில்லை. 50 ஐத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். 54 ஐத் தாண்டினால் அடுத்த ஊசியை நிறுத்திவைத்து வைத்தியரைப் பார்க்க வேண்டும். தடித்த இரத்தம் உறைந்து காலிலோ நுரையீரலிலோ மூளையிலோ அடைக்கலாம் என்பதுதான் பயம்.

50 க்கும் 54 க்கும் இடையில் வந்தால் மருந்தைக் குறைக்குமுன் இரத்தம் எடுத்த விதத்தைக் கேளுங்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் வாகரையிலிருந்தோ பொத்துவில்லிலிருந்தோ பஸ்ஸில் வந்து, கொலஸ்ட்ரோலுக்கும் சேர்த்து வெறும் வயிற்றில் என்று தண்ணீரும் குடிக்காமல், பத்து மணிக்கு வரிசையில் நின்று கொடுத்த இரத்தத்தில் பி.சி.வி. உள்ளதைவிடக் கூடித்தான் காட்டும். வெறும் வயிறு என்றாலும் வெறுந்தண்ணீர் குடிக்கலாம். நோன்பு மாதத்தில் காத்தான்குடி, சாய்ந்தமருது, அக்கரைப்பற்றுப் பக்கத்துச் சகோதரர்கள் பின்னேரத்தில் எடுத்தால் இதே கதைதான். பெருநாள் முடிந்து ஒரு கிழமை கழித்து எடுங்கள், அவசரம் என்றால் நோன்பு திறந்து நன்றாகக் குடித்துவிட்டு மறுநாள் விடியவே கொடுங்கள். தண்ணீர் குடித்து மறுபடி எடுத்தும் 50 க்கு மேல் நின்றால் அடுத்த கேள்விகள் சிகரெட்டும் குறட்டையும். புகைப்பவருக்கு இந்த எண் இறங்குவது மிகக் கடினம். குறட்டை விட்டு மூச்சு நின்று நின்று தூங்குபவருக்கு இரவில் ஒட்சிசன் குறைந்து உடல் தானாகவே சிவப்பணுவைக் கூட்டும். இவை இரண்டும் இல்லை என்றால்தான் மருந்து. அப்போதும் முதலில் இடைவெளியைக் குறுக்கி உச்சியை இறக்குங்கள், பிறகு மொத்தத்தைக் குறையுங்கள். ஊசியிலிருந்து ஜெல்லுக்கு மாறினாலும் பலருக்கு இறங்கும். இரத்ததானம் செய்து இறக்குவது சில கிழமைக்குத்தான். காரணம் அப்படியே இருக்கும், இரும்புச்சத்தும் போகும்.

டெங்குக் காலத்துக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். டெங்கு வார்ட்டில் பி.சி.வி. ஏறுகிறதா என்பதை வைத்துத்தான் இரத்தக்குழாயிலிருந்து நீர் கசிகிறதா என்று பார்க்கிறார்கள். அடிப்படை எண்ணிலிருந்து 20% ஏறினால் கசிவென்று எடுப்பார்கள். உங்கள் வழமையான எண் 47 என்பது தெரியாமல், அடையாள அட்டையில் பெண் என்று கண்டு 38 ஐ அடிப்படையாக எடுத்தால் கசிவு தொடங்கிவிட்டதென்று கணக்கு பிழைக்கும். ஆகவே காய்ச்சலோடு போகும்போது டெஸ்டோஸ்டெரோன் போடுவதையும் கடைசி எஃப்.பி.சி. எண்ணையும் சொல்லுங்கள். சொல்லக் கூச்சமாக இருந்தால் கொப்பியைக் காட்டுங்கள். டெங்குவில் பிளேட்லெட் குறைந்திருக்கும்போது தசைக்குள் ஊசி போடக் கூடாது, உள்ளே இரத்தம் கட்டும். பிளேட்லெட் ஏறும்வரை டெஸ்டோஸ்டெரோன் காத்திருக்கலாம், இரண்டு கிழமை பிந்தியதால் குரலோ தாடியோ திரும்பிப் போகாது.

ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், நெஞ்சு வலித்தால், திடீரென்று மூச்சு வாங்கினால் அடுத்த கிளினிக் வரை பொறுக்க வேண்டாம். 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

பிரஷரும் கொலஸ்ட்ரோலும் அதே கிளினிக்கில் பார்க்கப்படும். இரத்தம் உறையாமலிருக்க வோபரின் எடுப்பவருக்கு டெஸ்டோஸ்டெரோன் அதன் வேகத்தைக் கூட்டும் என்பதால் ஐ.என்.ஆர். (இரத்தம் உறையும் வேகத்துக்கான சோதனை) அடிக்கடி பார்க்க வேண்டும். இன்சுலின் எடுப்பவருக்குச் சீனி இறங்கலாம்.

சிரிஞ்சில் நடக்கும் பிழைகள்

ஒரு மி.லீ.யில் 250 மி.கி. என்றால் 50 மி.கி. 0.2 மி.லீ., 62.5 என்பது 0.25, 75 என்பது 0.3, 100 என்பது 0.4, 125 என்பது 0.5. வேறு நாட்டிலிருந்து வரும் சிப்பியோனேற் குப்பியில் ஒரு மி.லீ.யில் 200 அல்லது 100 மி.கி. இருக்கும். குப்பி மாறினால் மி.லீ.யும் மாறும். பழைய சிட்டையின் "0.4" ஐ அப்படியே பின்பற்றினால் 100 க்குப் பதில் 80 அல்லது 40 தான் போகும்.

சிறு அளவுகளைத் தோலுக்குக் கீழ் போட இன்சுலின் சிரிஞ்ச் பாவிப்பவர்கள் அதன் கோடுகளை மி.கி. என்று எண்ணிவிடக் கூடாது. அவை யூனிட்கள். யூ-100 சிரிஞ்சில் 0.2 மி.லீ. என்பது 20 ஆம் கோடு. இந்தியப் பாவனையில் உள்ள யூ-40 சிரிஞ்சில் 20 ஆம் கோடு 0.5 மி.லீ. 50 மி.கி. போட நினைத்தவருக்கு 125 போய்விடும். சிரிஞ்சின் உடலில் எது என்று எழுதியிருக்கும், வாசித்துவிட்டு இழுங்கள்.

எண்ணெய் தடிப்பானது. 18 அல்லது 21 கேஜ் ஊசியால் இழுத்து, 23 ஆல் தசைக்குள், அல்லது 25 ஆல் தோலுக்குக் கீழ் போடுவது வழமை. ஊசி மாற்றும்போதுதான் அளவு குறைகிறது. இழுத்த ஊசிக்குள் நிற்கும் எண்ணெயைக் கொஞ்சம் காற்று இழுத்து சிரிஞ்சுக்குள் எடுங்கள், புது ஊசியைப் பொருத்துங்கள், நுனியில் ஒரு துளி வரும்வரை தள்ளுங்கள், அதன்பிறகு கோட்டைப் பாருங்கள். துளி வருமுன் கோட்டைப் பார்த்துப் போட்டால் புது ஊசிக்குள் நிற்கும் பங்கு உடலுக்குப் போகாது. 1 மி.லீ. போடும்போது அது பொருட்டில்லை, 0.2 மி.லீ. போடும்போது ஒவ்வொரு தடவையும் ஒரு நல்ல பங்கு குறையும். போட்டுத்தரும் நேர்ஸ் அக்காவிடம் இதைத் தயங்காமல் சொல்லலாம்.

தகரக் கூரை வீட்டில் மருந்தை யன்னலோரத்திலோ மேல் தட்டிலோ வைக்காதீர்கள், 30 பாகைக்குக் கீழ் இருக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டியும் வேண்டாம், பளிங்கு கட்டும். கட்டினால் உள்ளங்கையில் உருட்டிச் சூடாக்கித் தெளியவிட்டுப் பாவியுங்கள். சஸ்ரனோன் கச்சான் (நிலக்கடலை) எண்ணெயில் செய்தது. கச்சான் ஒத்துக்கொள்ளாதவர் அதைத் தொடக் கூடாது. எனந்தேற் தயாரிப்பைப் பொறுத்து நல்லெண்ணெயிலோ ஆமணக்கெண்ணெயிலோ வரும்.

மற்ற வகைகள், சுருக்கமாக

அன்டெக்கனோவேற் என்ற நீண்டகால ஊசி 1000 மி.கி. 4 மி.லீ.யில் வருகிறது. முதல் ஊசிக்கு 6 கிழமை கழித்து இரண்டாவது, பிறகு 12 கிழமைக்கு ஒருக்கால். இதில் மி.கி. மாறாது, கிழமைதான் மாறும். அடுத்த ஊசிக்குச் சற்று முன் எடுத்த இரத்தத்தில் 400 க்குக் கீழ் என்றால் 10 கிழமைக்குக் குறுக்குவார்கள், மிக உயர்ந்திருந்தால் 14 வரை நீட்டுவார்கள். பிட்டத்தில் இரண்டு நிமிடமாவது எடுத்து மெதுவாகப் போட வேண்டும், முடிந்தபின் 30 நிமிடம் அங்கேயே இருக்க வேண்டும். எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் உடனே இருமலும் மூச்சுத்திணறலும் வரும். அதனால் இது வீட்டில் போடும் ஊசி அல்ல.

ஜெல் நாளுக்கு 50 முதல் 100 மி.கி. வியர்வையில் கழுவிப் போகும் என்பதால் குளித்துத் துடைத்து உலர்ந்தபின் பூசுங்கள், தயாரிப்பைப் பொறுத்து 2 முதல் 6 மணி நேரம் மறுபடி குளிக்க வேண்டாம். பூசிய இடத்தை உடுப்பால் மூடுங்கள், வீட்டில் பிள்ளைகள் தூக்கச்சொல்லி ஓடிவந்தால் அவர்கள் தோலுக்கும் மருந்து போகும். ஒரு கிழமையாவது தொடர்ந்து பூசியபின், அன்று பூசி 2 மணி நேரம் கழித்து, பூசாத கையிலிருந்து இரத்தம் கொடுங்கள்.

இரத்தப்போக்கு நிற்காவிட்டால்

பெரும்பாலும் 1 முதல் 6 மாதத்துக்குள் நிற்கும். ஆறு மாதம் தாண்டியும் வந்தால் முதலில் கொப்பியைத் திறந்து பிந்திய ஊசிகளை எண்ணுங்கள், அடுத்து ஊசி நாளன்று காலை எடுத்த அளவைப் பாருங்கள். இரண்டும் ஒழுங்கென்றால் டெஸ்டோஸ்டெரோனைக் கூட்டி இதை நிறுத்த முயல வேண்டாம். நோரெதிஸ்டெரோன் 5 மி.கி. மாத்திரையோ மூன்று மாதத்துக்கு ஒருக்கால் போடும் டெப்போ கருத்தடை ஊசியோ நிறுத்தும், இரண்டும் டெஸ்டோஸ்டெரோனோடு சேர்ந்து போகும். ஒரு வருடம் நின்றிருந்து திடீரென்று திரும்ப வந்தால் ஸ்கேன் ஒன்று அவசியம், கர்ப்பச் சோதனையும் அவசியம். மாதவிடாய் நின்றது கருத்தடை ஆகாது. கருவுக்கு டெஸ்டோஸ்டெரோன் கேடு செய்யும், ஆகவே கர்ப்பமாகக்கூடிய உறவில் இருப்பவர் தனியாகக் கருத்தடை பாவிக்க வேண்டும்.

சூலகங்களை எடுத்தபின் பலருக்கு அளவில் மாற்றம் வேண்டியதில்லை. ஆனால் அதுவரை ஊசி பிந்தும்போது உடல் தானாகச் சுரந்த ஈஸ்ட்ரோஜன் எலும்பைக் காத்தது, இனி அது இல்லை. செலவுக்காகவோ ஊருக்குப் போனதாலோ மாதக்கணக்கில் விட்டுவிட்டால் எலும்பு தேயத் தொடங்கும். சத்திரசிகிச்சை முடிந்து சில மாதத்தில் நடு நாள் டெஸ்டோஸ்டெரோனோடு எல்.எச். (சூலகத்தைத் தூண்டும் ஹோர்மோன்) சோதனையையும் ஒரு தடவை கேளுங்கள். எல்.எச். மிக உயர்ந்திருந்தால், டெஸ்டோஸ்டெரோன் எண் எல்லைக்குள் நின்றாலும், அளவு போதவில்லை என்பதற்கு அது ஒரு தடயம். அப்போது ஒரு படி கூட்டுவது சரி.